முதுகுக்குப் பின்னால் பேசும் கதாநாயகன்

தியேட்டரில் மழை பெய்கிறது. திரையில் கதாநாயகன் குடையில்லாமல் நின்று வசனம் பேசுகிறான். குரல் அவன் வாயிலிருந்தே வருகிறது. மழையோ நம் தோளுக்குப் பின்னால், பக்கவாட்டில், சில அரங்குகளில் தலைக்கு மேலேயும் கொட்டுகிறது. நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை.

அதே படத்தை விடுதி அறையில் போடுங்கள். நாலு பேர் காசு சேர்த்து வாங்கிய ‘ஹோம் தியேட்டர்’ செட். ஐந்து சின்ன ஸ்பீக்கர், ஒரு வூஃபர். அட்டைப்பெட்டியில் 5.1 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மேசைமேல் மூன்று, கட்டிலுக்கு மேலே ஜன்னல் கம்பியில் இரண்டு என்று கட்டியாயிற்று. படம் ஓடுகிறது. கதாநாயகன் லேப்டாப் திரையில் வாயசைக்கிறான். குரல் ஜன்னல் கம்பியிலிருந்து வருகிறது. வூஃபர் ஒரு பாட்டில் மேசையையே உலுக்குகிறது, அடுத்த பாட்டில் இருக்கிற இடம் தெரியவில்லை. சுவரோரக் கட்டிலில் சாய்ந்திருப்பவன் ‘செம பேஸ்’ என்கிறான். அறை நடுவில் நாற்காலி போட்டவனுக்கு அந்த பேஸ் எட்டவே இல்லை.

பெட்டி மட்டமா? இருக்கலாம். ஆனால் இரண்டு மடங்கு விலையில் வேறொன்று வாங்கி வந்து இதே ஆணிகளில் மாட்டினாலும் இந்தக் குறைகளில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். பாதிக்கு மேல் குறை அறையில் இருக்கிறது, பெட்டியை வைத்த இடத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்யப் பணம் வேண்டாம், ஓர் அளவு நாடா போதும்.

தலையின் அகலம்

ஒலி எங்கிருந்து வருகிறது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? கண்ணுக்குள் ஒரு படம் விழுகிறது. அதில் இடம், வலம், மேல், கீழ் எல்லாம் இருக்கின்றன. காதுக்குள் அப்படி எதுவும் விழுவதில்லை. செவிப்பறை உள்ளும் வெளியுமாக அதிர்கிறது, அவ்வளவுதான். திசையை மூளை கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கணக்கின் முதல் ஆதாரம் நேரம். 30 டிகிரி வெப்பமுள்ள காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,145 அடி ஓடுகிறது. நொடியை ஆயிரம் துண்டாக்கினால் ஒரு துண்டு ஒரு மில்லிநொடி. அந்த நேரத்தில் ஒலி ஓர் அடிக்குச் சற்றே அதிகமாகக் கடக்கும். இந்த அத்தியாயம் முழுக்க இதுதான் நம் அளவுகோல்: ஓர் அடி என்றால் கிட்டத்தட்ட ஒரு மில்லிநொடி.

உங்கள் இடப்பக்கம் ஒருவர் கைதட்டினால் இடக்காது முதலில் கேட்கிறது. அதே ஒலி தலையைச் சுற்றிக்கொண்டு வலக்காதுக்குப் போய்ச்சேர 0.6 அல்லது 0.7 மில்லிநொடி கூடுதலாகும். மனிதத் தலையின் அகலம் தரக்கூடிய அதிகபட்ச வித்தியாசமே அதுதான். மூளையோ அதில் எழுபதில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூடப் பிடித்துவிடுகிறது.

இரண்டாவது ஆதாரம் அளவு. சலங்கை, ஜால்ரா போன்ற கீச்சொலிகளைத் தலை மறைத்துவிடும். எதிர்ப்பக்கக் காதுக்கு அவை மெலிந்தே போய்ச்சேரும். தவிலின் தொப்பி போன்ற கனத்த ஒலிகளோ தலையைச் சட்டை செய்யாமல் வளைந்து போய்விடும். எனவே கனத்த ஒலிக்கு நேரக் கணக்கு, கீச்சொலிக்கு அளவுக் கணக்கு என்று மூளை இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறது. 1907-இல் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் இங்கிலாந்தின் ரேலே பிரபு.

அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் வேறொரு வேடிக்கையைக் கண்டிருந்தார். திறந்த வெளியில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, சுற்றிலும் ஆட்களை நிறுத்தி ஒலி எழுப்பச் சொன்னார். பேச்சுக் குரல் வந்தால் திசையைச் சரியாகச் சொல்ல முடிந்தது. சுரக்கவை எனும் ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டியபோது ஒலி முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா என்பதே குழம்பியது. காரணம் இருக்கிறது. நேர் முன்னும் நேர் பின்னும் இரண்டு காதுக்கும் சம தூரம். நேர வித்தியாசமும் இல்லை, அளவு வித்தியாசமும் இல்லை. அங்கே கைகொடுப்பது காதுமடல். அதன் மேடுபள்ளங்கள் பின்னாலிருந்து வரும் கீச்சொலிகளைக் கொஞ்சம் மாற்றி உள்ளே அனுப்புகின்றன. அந்த மாற்றத்தை வைத்து மூளை ‘இது பின்னால்’ என்று முடிவு செய்கிறது. பேச்சில் பலவகை ஒலிகள் கலந்திருப்பதால் மடலுக்கு வேலை கிடைக்கிறது. சுரக்கவையில் ஒரே ஒரு சுத்தமான ஸ்வரம். மடலுக்குப் பிடி கிடைப்பதில்லை.

இதிலிருந்து பர்ஸுக்கு ஒரு சேதி உண்டு. நேர் முன்னால் ஒரு டிகிரி விலகலைக்கூடக் கண்டுபிடிக்கும் நம் காது, பின்பக்கம் வந்தால் மந்தமாகிவிடும். அங்கே ‘எங்கேயோ பின்னால்’ என்ற அளவுக்குத் தெரிந்தாலே அது திருப்தி அடைகிறது. ஆகவே பின் ஸ்பீக்கர்கள் சின்னதாக, சுமாராக இருந்தாலும் குடி முழுகாது. நல்ல காசு முன்பக்கத்துக்குப் போக வேண்டும்.

துண்டு போட்டு இடம் பிடிப்பது

அப்படியானால் கதாநாயகனின் குரல் ஏன் முதுகுக்குப் பின்னால் போனது?

1949-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் என்பவர் ஓர் ஆய்வேடு எழுதினார். ஒரே பேச்சை இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒலிக்கவிட்டு, ஒன்றை மட்டும் சில மில்லிநொடி தாமதப்படுத்துவதுதான் சோதனை. தாமதம் ஒன்றிலிருந்து முப்பது மில்லிநொடிக்குள் இருந்தால், கேட்டவர்களுக்கு இரண்டு குரல் கேட்கவில்லை. ஒரே குரல், அதுவும் முந்தி ஒலித்த பெட்டியிலிருந்து மட்டுமே வருவதாகத் தோன்றியது. பிந்திய பெட்டி வேலை செய்கிறது என்பதே தெரியவில்லை. அதைக் கிட்டத்தட்ட பத்து டெசிபல் கூட்டினால்தான் இரண்டும் சமமாகக் கேட்டன. பத்து டெசிபல் என்பது பத்து மடங்கு ஆற்றல். அதே ஆண்டு அமெரிக்காவில் ஹான்ஸ் வாலக்கும் அவருடைய இரண்டு சகாக்களும் இதே போக்கை வேறு வழியில் கண்டு எழுதினார்கள். இதை முந்தொலி விளைவு என்று அழைப்போம்.

பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பவரைப் போன்றது முந்தி வரும் ஒலி. பின்னால் ஏறுகிறவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சீட்டு துண்டு போட்டவருக்கே.

மூளை இப்படிப் பழகியதற்கு நல்ல காரணம் உண்டு. அறைக்குள் ஒருவர் பேசும்போது அவர் குரல் நேராக ஒரு முறை வருகிறது. பிறகு தரையிலும் சுவரிலும் கூரையிலும் பட்டுப் பட்டுப் பல முறை வருகிறது. அத்தனைக்கும் திசை பார்த்தால் ஒரு மனிதரைச் சுற்றி ஒரு கூட்டமே பேசுவதாகத் தோன்றும். எனவே முதல் ஒலிக்குத் திசையைக் கொடுத்துவிட்டு, மற்றவற்றை அதே கணக்கில் சேர்த்துவிடுகிறது.

தியேட்டர்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நூறு அடி நீள அரங்கில் பின் சுவர் ஓரம் உட்கார்ந்திருப்பவருக்குத் திரைக்குப் பின்னாலிருக்கும் பெட்டி மிகத் தூரம், சுவர் ஸ்பீக்கர் மிகப் பக்கம். அப்படியே விட்டால் வசனத்தின் கசிவுகூட அவருக்கு முதுகில் கேட்கும். அதனால் சுவர் ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஒலியை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, திரையின் ஒலி முந்தும்படி செய்கிறார்கள். விலையுயர்ந்த ஏவி ரிசீவர்களிலும் ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தைக் கேட்டுத் தாமதத்தைத் தானே அமைத்துக்கொள்ளும் வசதி இருக்கும். விடுதி அறைக்குள் வரும் செட்டில் பெரும்பாலும் அது கிடையாது. இருக்கிற ஒரே தாமதக் கருவி காற்றுதான்.

ஓர் அறையை அளப்போம்

பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். மேலே காற்றாடி, இரண்டு இரும்புக் கட்டில், இரண்டு மேசை, ஒரு ஜன்னல். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி விடுதிகளில் ஏறத்தாழ இந்த அளவில் எத்தனையோ அறைகளைப் பார்க்கலாம்.

குறுகிய சுவர் ஓரம் மேசை. அதன்மேல் திரையும் முன் ஸ்பீக்கர்களும். கேட்பவர் எதிர்ச்சுவரோரக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். பின் ஸ்பீக்கர்கள் அவர் தலைக்கு மேலே ஜன்னல் கம்பியில். நாடா போட்டால் முன் ஸ்பீக்கர் காதிலிருந்து ஏழெட்டு அடி வரும். ஏழு என்றே வைத்துக்கொள்வோம். பின் ஸ்பீக்கர் இரண்டடி.

முன்னாலிருந்து ஒலி வர ஆறு மில்லிநொடிக்குச் சற்று அதிகம். பின்னாலிருந்து இரண்டுக்குச் சற்றுக் குறைவு. பின் ஸ்பீக்கர் நாலு மில்லிநொடிக்கும் அதிகமாக முந்திக்கொள்கிறது. அதோடு போகவில்லை. தூரம் குறைந்தால் ஒலி வேகமாகக் கூடும்: மூன்றரை மடங்கு பக்கத்தில் இருப்பதால் நேரடி ஒலியின் ஆற்றல் பன்னிரண்டு மடங்கு அதிகம், டெசிபல் கணக்கில் பதினொன்று. முந்தியும் வருகிறது, உரக்கவும் வருகிறது. அதே குரல் பின் ஸ்பீக்கரிலும் ஒலித்தால் கதாநாயகன் ஜன்னல் கம்பியில் தொங்காமல் என்ன செய்வான்?

இப்போது செலவில்லாமல் மாற்றலாம். கட்டிலை ஓரம் தள்ளி, நாற்காலியைப் பின்சுவரிலிருந்து நாலரை அடி முன்னால் போடுங்கள். முன்சுவரிலிருந்து அது ஏழரை அடி. முன் ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே கொண்டுவந்து, ஒன்றுக்கொன்று ஐந்தடி இடைவெளி விட்டு, காது உயரத்துக்கு ஏற்றுங்கள். உயரத்துக்குப் போன செமஸ்டரின் ரெக்கார்ட் நோட்டுகளை அடுக்கலாம், அவற்றுக்கு வேறு உபயோகம் வரப்போவதில்லை. பின் ஸ்பீக்கர்களைக் கம்பியிலிருந்து கழற்றிப் பின்சுவரின் இரண்டு மூலைகளுக்கும் கொண்டுபோய், காதைவிட மூன்றடி உயரத்தில் மாட்டுங்கள்.

மறுபடி நாடா. முன் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் காதிலிருந்து ஆறடி. பின் ஸ்பீக்கர் மூலைவிட்டமாக ஏழடிக்குச் சற்று அதிகம். முன் ஒலி இப்போது ஒரு மில்லிநொடிக்கும் கொஞ்சம் கூடுதலாக முந்துகிறது. ஒரு பித்தானைக்கூட அழுத்தவில்லை. துண்டு இடம் மாறிவிட்டது. ஆற்றலிலும் முன்பக்கம் சற்றே ஓங்கி நிற்கிறது. ரிமோட்டில் பின் ஸ்பீக்கர்களுக்குத் தனி அளவு இருந்தால் இரண்டு புள்ளி குறைத்துவிடுங்கள். பின் ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று தெரியவே கூடாது. அணைத்தால் மட்டும் ஏதோ குறைவதாகத் தோன்ற வேண்டும். அதுதான் சரியான அளவு.

கட்டிலை நகர்த்த வார்டன் விடமாட்டார், அறை நடுவில் நாற்காலி போட இடமே இல்லை என்பவர்களுக்கு என் யோசனை சுருக்கமானது: பின் ஸ்பீக்கர்களே வேண்டாம். தலையிலிருந்து நாலடிக்குள் வைக்கப்படும் பின் ஸ்பீக்கர் பெரும்பாலும் உபத்திரவம்தான்.

அறை பாடும் ஸ்வரங்கள்

அடுத்தது வூஃபர் வேடிக்கை. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே சீரான ஸ்வரத்தை ஒலிக்கச் செய்யும் செயலிகள் ஃபோனில் இலவசமாகக் கிடைக்கும். அதிர்வெண், அதாவது காற்று நொடிக்கு எத்தனை முறை அதிர வேண்டும் என்ற எண்ணை 48 ஹெர்ட்ஸ் என்று வைத்து, ப்ளூடூத் வழியே வூஃபருக்கு அனுப்புங்கள். பின்பு நம் பன்னிரண்டடி அறையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மெதுவாக நடங்கள். சுவரோரம் நெஞ்சுக்கூடு அதிரும். நடு அறைக்கு வரும்போது ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும். எதிர்ச்சுவரை நெருங்கினால் மறுபடி எழும்.

நொடிக்கு 48 முறை அதிரும் ஒலி ஒரு முழு அலை போட 24 அடி எடுத்துக்கொள்கிறது. அறை அதில் சரிபாதி. சுவரில் பட்டுத் திரும்பும் அலை, போகும் அலையோடு சேர்ந்துகொண்டு, சுவரோரங்களில் அழுத்தத்தை ஏற்றியும் நடுவில் அழித்தும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. நிலையலை என்பது இதுதான். பத்தடி அகலத்துக்கு இன்னொரு நிலையலை உண்டு, 57 ஹெர்ட்ஸில். நம் அறையின் உயரமும் பத்தடியாக இருப்பதால் அதே 57-இல் கூரைக்கும் தரைக்கும் நடுவே மூன்றாவதும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு அளவுகள் ஒன்றாக அமைந்த அறை பேஸுக்குப் பொல்லாதது.

பேஸ் கிட்டாரின் ஆகக் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியே ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த நடையில் 49-இலும் 58-இலும் விழும் ஸ்வரங்களை இந்த அறை தூக்கிக் கொடுக்கும், நடுவில் விழுபவற்றை அமுக்கிவிடும். வாசித்தவர் சமமாகத்தான் வாசித்தார். ஒரு பாட்டில் உலுக்கிய வூஃபர் அடுத்த பாட்டில் காணாமல் போவதன் ரகசியமும் இதுவே: பாட்டின் சுருதி மாறியது, அறையின் ஸ்வரங்கள் மாறவில்லை.

முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் சரியாகும் என்று விடுதிக்கு ஒருவராவது சொல்வார். ஒலியை விழுங்கும் பொருள், அலையின் நீளத்தில் கால் பங்காவது தடிமனாக இருந்தால்தான் நன்றாக விழுங்கும். 24 அடி அலைக்குக் கால் பங்கு ஆறடி. அதாவது பாதி அறை. முட்டை அட்டையும் ஓர் அங்குல ஸ்பாஞ்சும் பேஸை ஒன்றும் செய்யா. ஸ்பாஞ்சு கொஞ்சம் கீச்சொலியை மட்டும் தின்னும். அதற்குக் கொடியில் தொங்கும் துணிகளும் பஞ்சு மெத்தையுமே போதும். வெற்று அறையில் ஒருமுறை கைதட்டி, சுவர்களுக்கு நடுவே ‘டிர்ர்’ என்று எழும் அதிர்வைக் கேளுங்கள். மெத்தையை ஒரு சுவரில் சாய்த்துவிட்டு மறுபடி தட்டினால் வித்தியாசம் தெரியும்.

பேஸுக்கு வழி, உட்காரும் இடத்தை மாற்றுவதுதான். சரியாக நடுவிலும் வேண்டாம், சுவரோடு சாய்ந்தும் வேண்டாம். மேலே நாற்காலிக்குச் சொன்ன நாலரை அடி தற்செயலாக வந்ததில்லை: பன்னிரண்டின் பாதியில் அது முக்கால்வாசி, உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடைப்பட்ட இடம். வூஃபரை மூலையில் வைத்தால் மூன்று பரப்புகளும் சேர்ந்து ஒலியைக் கூட்டிக் கொடுக்கும். கூடவே எல்லா நிலையலைகளையும் கிளப்பிவிடும். அளவு இலவசம், நிதானம் போய்விடும். எனக்கு அது பிடிப்பதில்லை. முன்சுவர் ஓரம், மூலையிலிருந்து மூன்றடி தள்ளி வைப்பேன். ‘பேஸுக்குத் திசை தெரியாது, வூஃபரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்’ என்பது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரி. மலிவான செட்டில் கையளவு ஸ்பீக்கர்களால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கவே முடியாது. அதுவரை வூஃபரே பாடுகிறது. ஆண்குரலின் அடிப்பகுதி அதில் அடக்கம். கட்டிலுக்கு அடியில் தள்ளினால் கதாநாயகனின் பாதிக் குரல் கட்டிலுக்கு அடியில்.

ஐந்து பெட்டி, ஒரே ஒயர்

5.1 என்றால் ஆறு தனித்தனித் தடங்கள்: முன்னால் இடம், நடு, வலம், பின்னால் இடம், வலம், அந்தப் புள்ளி ஒன்று என்பது கனத்த ஒலிக்கு மட்டுமான தடம். 1992-இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு டால்பி டிஜிட்டல் திரையரங்குக்கு வந்ததிலிருந்து பெரும்பாலான பெரிய படங்கள் இப்படித்தான் கலக்கப்படுகின்றன. படத்தில் ஆறு தடம் இருக்கிறது, அறையில் ஆறு பெட்டி இருக்கிறது. நடுவில் என்ன இருக்கிறது என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையில் இரண்டு தடம் மட்டுமே வெளிவரும். ப்ளூடூத்திலும் வழக்கமாக இரண்டுதான். ஆறு பெட்டி கொண்ட செட், வந்த இரண்டை நகலெடுத்து ஐந்துக்கும் பகிர்ந்துகொடுக்கிறது. மழைக்கென்று கலக்கப்பட்ட தடம் பின் ஸ்பீக்கருக்குப் போகவே இல்லை; அங்கே போவது வசனத்தின் நகல். ஜன்னல் கம்பியில் குரல் கேட்டதற்கு முழுக் காரணம் இப்போது கையில்: நகல் இல்லாவிட்டால் முந்துவதற்கு அங்கே குரலே இருந்திருக்காது.

ஆகவே செட்டின் முன்பக்க விளக்குகளைவிட அதன் முதுகு முக்கியம். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று துளைகள் இருந்தால் மேசைக் கணினியின் ஒலி அட்டையிலிருந்து ஆறு தடத்தையும் தனித்தனியே கொடுக்கலாம். லேப்டாப் என்றால் அதே மூன்று துளை கொண்ட யூஎஸ்பி ஒலி அட்டை வேண்டும். 7.1 என்று எழுதிக்கொண்டு ஒரே ஒரு ஹெட்ஃபோன் துளையோடு வரும் குட்டிக் குச்சிகளை நம்ப வேண்டாம். அவற்றின் ஏழும் ஒன்றும் பாவனைதான். எச்டிஎம்ஐ ஏஆர்சி என்று எழுதிய துளை டிவியிலிருந்து ஒலியை வாங்குவதற்கானது. லேப்டாப்பை அதில் நேரே செருகினால் வேலை நடக்காது. ஆப்டிகல் துளை இருந்தால், பெட்டிக்குள் டால்பி டிஜிட்டலைப் பிரிக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பாட்டுகளோ பெரும்பாலும் இரண்டு தடத்தில் பதிவானவை. அவற்றை ஐந்தில் பரப்புவதால் கூடுவது சத்தம் மட்டும்.

பத்தாயிரம் வாட்ஸ்

சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் நடக்கக்கூடிய பேச்சு இது.

“தம்பி, இதை எடுத்துக்கோங்க. பத்தாயிரம் வாட்ஸ். ஹாலே அதிரும்.”

“ஆர்எம்எஸ் எவ்வளவுண்ணே?”

“அதெல்லாம் பார்த்தா எப்படிப்பா? பிஎம்பிஓ பாருங்க, பெட்டியிலேயே போட்டிருக்கான்.”

“பின்னாடி கொஞ்சம் திருப்புங்கண்ணே.”

பின்னால் ஒரு சின்னத் தகடு. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட். சுவரிலிருந்து அறுபது வாட் வாங்கும் பெட்டி பத்தாயிரம் வாட் கொடுப்பதென்றால் மின்வாரியம் அதை அப்போதே வாங்கிப்போயிருக்கும். பிஎம்பிஓ என்ற எண்ணுக்கு எந்தப் பொதுத் தரவரையறையும் கிடையாது. கண நேரத்துக்குக் கற்பனை செய்யக்கூடிய உச்சத்தை ஸ்பீக்கர் ஸ்பீக்கராகக் கூட்டி எழுதுவார்கள். ஆர்எம்எஸ் என்பது தொடர்ந்து தரக்கூடிய அளவு. அறுபது வாட் வாங்கும் பெட்டியால் ஐம்பதைக்கூட நீடித்துக் கொடுக்க முடியாது. கொஞ்சம் சூடாகப் போய்விடும்.

ஆனால் அந்த ஐம்பதுக்கும் குறைவான வாட்டே நம் அறைக்கு ஏராளம். ஒரு சாதாரண ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 85 டெசிபல் எழும். தினம் எட்டு மணி நேரம் அந்த அளவில் கேட்டாலே செவித்திறன் கெடத் தொடங்கும் என்று தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் எல்லை வகுத்திருக்கிறார்கள். தவிர, வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி இரட்டிப்பதில்லை. மூன்று டெசிபல் ஏறும், காதுக்கு லேசாகத் தெரியும். இரண்டு மடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும். முப்பது வாட் பெட்டிக்கும் ஐம்பது வாட் பெட்டிக்கும் நடுவே நின்று தவிப்பவர்கள் தவிக்க வேண்டியதே இல்லை.

ஆறாயிரம் ரூபாய்

கையில் 6,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5.1 செட் வாங்கினால் அந்தப் பணம் ஐந்து ஸ்பீக்கர், ஒரு வூஃபர், ஆறு ஆம்ப், ஒயர், ரிமோட், மினுங்கும் விளக்கு எல்லாவற்றுக்கும் பிரிந்து போகிறது. இரண்டே ஸ்பீக்கர் வாங்கினால் இரண்டுக்கே போகிறது. தனியாகக் கேட்கிறவருக்கு என் ஓட்டு இரண்டுக்குத்தான்: உள்ளேயே ஆம்ப் உள்ள, நாலு அங்குலக் கூம்பாவது கொண்ட ஒரு ஜோடி. மேசைமேல் மூன்றடி இடைவெளியில் வைத்து, மூன்றடி தூரத்தில் உட்கார வேண்டும். அத்தனை பக்கத்தில் இருந்தால் நேரடி ஒலி ஓங்கி நிற்கும், சுவரின் எதிரொலிகள் பின்தங்கும். அறையின் பாதிக் குணக்கேடு தானாகக் கழிந்துவிடும்.

இரண்டில் எப்படி நடுக்குரல் வரும் என்று சந்தேகம் வேண்டாம். லண்டன் இஎம்ஐ நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆலன் பிளம்லைன் 1931-இல் இதற்கே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டு பெட்டியிலும் ஒரே அளவு குரல் ஒலித்தால், இரண்டிலிருந்தும் சம தூரத்தில் இருப்பவருக்கு அது நட்டநடுவில் காற்றிலிருந்து வருவதாகக் கேட்கும். ஒரு பக்கம் ஓர் அடி நகர்ந்தால் அந்த மாயை பக்கத்துப் பெட்டிக்குள் ஓடிவிடும். ஏன் என்பது துண்டு போட்ட கதையிலேயே இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து படம் பார்ப்பதுதான் முக்கியம் என்றால் நடுவில் நிஜமான ஸ்பீக்கர் இருக்கிற 5.1 அர்த்தமுள்ளது, மூன்று துளைகளும் இருந்தால்.

சுற்றிலும் மழை பெய்ய வேண்டும், ஆனால் அறை சின்னது, பணமும் சின்னது என்றால் ஹெட்ஃபோன். காதுமடலும் தலையும் ஒலியில் செய்யும் மாற்றங்களை மென்பொருள் முன்கூட்டியே செய்து கொடுத்துவிடும். விண்டோஸ் 10-லும் 11-லும் ‘விண்டோஸ் சோனிக்’ என்ற இந்த வசதி இலவசமாகவே இருக்கிறது. லேப்டாப்பின் இரண்டு தடத் துளையே போதும், ஆறு தடமும் அந்த இரண்டுக்குள் மடிந்து வரும். எல்லார் காதும் ஒரே வார்ப்பு அல்ல என்பதால் சிலருக்கு முன்னால் வர வேண்டிய குரல் நடு மண்டைக்குள் கேட்கும். வாங்கும் முன் நண்பரின் ஹெட்ஃபோனில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கடையில் சோதிக்கும்போது குத்துப்பாட்டைப் போடச் சொல்லாதீர்கள். எந்த வூஃபரும் அதில் பாஸாகிவிடும். ஒரு செய்தி வாசிப்பைப் போடுங்கள். ‘ச’வும் ‘ஸ’வும் சீறாமல், குரல் பானைக்குள்ளிருந்து வராமல் இருந்தால் மற்றதை நம்பலாம். பின் ஸ்பீக்கர் ஒயரின் நீளத்தையும் அங்கேயே அளந்துவிடுங்கள். மேசையிலிருந்து சுவரோரமாகப் பன்னிரண்டடி, மூலையில் மேலே ஏற ஆறடி, வளைவுகளுக்கு நாலடி என்று இருபத்திரண்டு அடி வேண்டும். செட்டோடு வரும் ஒயர் கட்டில் கால்வரைகூட வராமல் போகலாம்.

பக்கத்து அறை

கனமான சுவர் வேகமான அதிர்வுக்கு அசைந்துகொடுக்காது, மெதுவான அதிர்வுக்கு அசைந்துவிடும். அதிர்வெண் இரட்டிக்கும்போதெல்லாம் சுவர் தடுக்கும் அளவு ஏறக்குறைய ஆறு டெசிபல் கூடுகிறது. அதனால்தான் பக்கத்து அறைக்கு வசனமும் வயலினும் போய்ச்சேராமல் ‘தும் தும்’ மட்டும் போய்ச்சேர்கிறது. வூஃபர் வெறுந்தரையில் இருந்தால் தளம் வழியாகவும் இறங்குகிறது. கீழே ஒரு ரப்பர் பாயோ மடித்த பழைய ஜமுக்காளமோ போட்டால் அந்த வழி ஓரளவு அடைபடும், சுவர் வழி அடைபடாது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. பத்து மணி ஆனதும் ரிமோட்டைத் தேட வேண்டாம். வால்யூம் இருந்தபடியே இருக்கட்டும். வூஃபரின் பேஸ் திருகை மட்டும் இடப்பக்கம் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். வசனம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும். கீழ் அறைக்காரர் ஏறி வந்து கதவைத் தட்டினால் மட்டும் வால்யூமையும் குறையுங்கள்.